கூரை விளிம்பில் ஐஸ், சீலிங்கில் ஈரம்: வாசகர் கேள்வி பதில்

பனி கொட்டும் ஊர்களில் வீடு வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: கூரைக்கு ஷிங்கிள் (ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பதிக்கும் மெல்லிய வில்லைகள்) மாற்றி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பெரும்பனி விழுந்து ஒரு வாரம் கழித்து, வெளிச்சுவரை ஒட்டிச் சீலிங்கில் மஞ்சள் கறை படர்ந்துவிட்டது. கூரைக்காரர் வந்து பார்த்து, "கூரையில் ஒரு குறையும் இல்லை" என்கிறார். அன்றைக்கு வெளியே மைனஸ் 8 டிகிரி. எல்லாம் உறைந்து கிடக்கிற குளிரில் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கூரைக்காரர் சொன்னது உண்மைதான். குறை கூரைக்குக் கீழே இருக்கிறது.

வீட்டுக்குள் இருக்கும் சூடு சீலிங்கின் சந்துபொந்துகள் வழியாக, சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் அட்டிக்குக்கு ஏறுகிறது. அட்டிக் சூடானால் கூரைப் பலகை சூடாகும். அதன்மேல் கிடக்கும் பனி குளிர்ச்சியான பொருள் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு கம்பளி. 30 செ.மீ. பனி மூடியிருந்தால் வெளிக்குளிர் பலகையை எளிதில் தொடாது. அதனால் வெளியே மைனஸ் 8 ஆக இருந்தாலும் பலகை 1, 2 டிகிரியில் இருக்க முடியும். பனியின் அடிப்பக்கம் உருகுகிறது, மேல்பக்கம் வெள்ளையாக அப்படியே இருக்கிறது. உருகிய நீர் பலகைச் சரிவில் இறங்கி இறவாரத்துக்கு வருகிறது. இறவாரம் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. அதற்குக் கீழே வீடு இல்லை, சூடும் இல்லை. அங்கே வந்ததும் நீர் மறுபடி உறைகிறது. நாளுக்கு நாள் தடித்து, வரப்புக் கட்டியதுபோல் ஒரு ஐஸ் அணை எழும்புகிறது. பின்னால் வரும் நீர் அதன் முதுகில் தேங்கி நிற்கிறது.

ஷிங்கிள் மீன் செதில் மாதிரி. மேலிருந்து கீழே ஓடும் நீரைத் தள்ளிவிடும். தேங்கி, கீழிருந்து மேலே ஏறும் நீரைத் தடுக்க அது செய்யப்படவே இல்லை. ஆகவே புது ஷிங்கிளும் ஒழுகும். கறை வெளிச்சுவர் ஓரமாக வந்ததே இதற்கு அடையாளம்.

சரிபார்க்க ஒரு வழி: பனி விழுந்த மறுநாள் தெருவில் நின்று உங்கள் கூரையையும் அக்கம்பக்கத்துக் கூரைகளையும் பாருங்கள். அவர்கள் கூரை முழுக்க வெள்ளையாக இருக்க, உங்கள் கூரையில் மட்டும் நடுவே கறுப்புத் திட்டு தெரிந்தால், அந்தத் திட்டுக்கு நேர் கீழேதான் சூடு கசிகிறது. அட்டிக்கில் ஒரு தெர்மாமீட்டரும் தொங்கவிடுங்கள். வெளியே மைனஸ் 5 அல்லது அதற்கும் கீழே இருக்கும்போது அட்டிக் பூஜ்யத்துக்கு மேல் ஏறவே கூடாது.

கேள்வி: இப்போதே சொட்டிக்கொண்டிருக்கிறது. கோடாலியால் ஐஸை உடைத்துவிடலாமா? உப்புப் போடலாமா?

கோடாலி வேண்டாம். ஐஸோடு சேர்ந்து ஷிங்கிளும் உடையும். பனிக்காலத்தில் ஷிங்கிள் கண்ணாடிபோல் நொறுங்கும் நிலையில் இருக்கும்.

முதலில் உள்ளே பாருங்கள். சீலிங் வயிறு தள்ளியதுபோல் தொங்கினால், அதற்குள் நீர் சேர்ந்திருக்கிறது. அந்த அறையின் மின் பிரேக்கரை அணைத்துவிட்டு, கீழே வாளி வைத்து, தொங்கலின் மிகத் தாழ்ந்த புள்ளியில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு துளை போடுங்கள். சிறு துளையைப் பிறகு எளிதில் அடைத்துவிடலாம். விட்டுவைத்தால் சீலிங் பலகை முழுதாகவே இறங்கிவிடும்.

அட்டிக்குக்குள் நீர் இறங்கும் இடம் கைக்கெட்டுமானால், ஒரு சாதாரண டேபிள் ஃபேனை அங்கே வைத்து, அட்டிக்கின் குளிர்காற்றைக் கூரைப் பலகையின் அடிப்பக்கத்தில் நேராக அடிக்கச் செய்யுங்கள். வெளியே நல்ல குளிராக இருந்தால் ஒழுகும் தடத்திலேயே நீர் உறைந்து நின்றுவிடும். தற்காலிக வைத்தியம்தான் என்றாலும் அன்றிரவைக் கடத்திவிடும்.

வெளியே வேலை செய்ய நீளமான கைப்பிடி கொண்ட கூரை வாரி போதும். தரையில் நின்றபடி, இறவார விளிம்பிலிருந்து மேலே 1 முதல் 1.5 மீட்டர் வரையுள்ள பனியை மேலிருந்து கீழ்நோக்கி இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் ஷிங்கிள் விளிம்பு தூக்கிக்கொள்ளும். ஓரிரு அங்குலப் பனியை அப்படியே விட்டுவிடுங்கள். ஷிங்கிள் மேற்பரப்பின் மணல் உதிராமலிருக்கும். அலுமினியக் கம்பு மின்கம்பிக்குப் பக்கத்தில் போகக்கூடாது. தலைக்கு நேரே விழுதுபோல் ஐஸ் தொங்கும் இடத்தில் நிற்கவும் கூடாது.

உப்பு என்றால் கால்சியம் குளோரைடு. சாதாரணக் கல் உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே அநேகமாக வேலை செய்யாது; ஆணியையும் கூரைப் பீலியையும் அரிக்கும், கீழே இருக்கும் செடியையும் கொல்லும். கால்சியம் குளோரைடும் செடிக்கு நல்லதில்லை, ஆனால் கடும்குளிரிலும் உருக்கும். அதைக் கூரைமேல் தூவாதீர்கள். பழைய நீளக் காலுறையில் நிரப்பிக் கட்டி, அணைக்குக் குறுக்கே, ஒரு நுனி பீலியைத் தாண்டித் தொங்கும்படி கிடத்துங்கள். அணை முழுவதையும் உருக்குவது நோக்கமல்ல. தேங்கிய நீர் வெளியேற ஒரு மடை வெட்டுகிறோம், அவ்வளவுதான். அணை நெடுகக் கிடத்தினால் மடை கிடைக்காது. மாடி வீடு என்றால் ஐஸ் தரையில் ஏணி வைத்து இதைச் செய்யாதீர்கள். குறைந்த அழுத்த நீராவியால் ஐஸை அறுத்தெடுக்கும் ஆட்களைக் கூப்பிடுங்கள். "சுடுநீர் பிரஷர் வாஷரால் எடுத்துவிடுவோம்" என்பவர்களைக் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: போன இலையுதிர்காலத்தில் அட்டிக்கில் இன்சுலேஷனை இரண்டு மடங்காக்கினோம். இந்த வருடமும் ஐஸ் கட்டியிருக்கிறது. பணம் வீண்தானா?

வீணில்லை. வரிசை மாறிவிட்டது. முதலில் ஓட்டை அடைப்பு, பிறகு இன்சுலேஷன், கடைசியில்தான் வென்ட் (அட்டிக்குக்குள் வெளிக்காற்று வந்துபோகும் திறப்பு). பஞ்சுபோன்ற இன்சுலேஷன் அசையாத காற்றைப் பிடித்துவைத்துச் சூட்டைத் தடுக்கிறது. ஓடும் காற்றை அது தடுக்காது. ஸ்வெட்டர் வழியாகக் காற்றடிப்பதுபோல் ஊடுருவிப் போய்விடும்.

அட்டிக்கில் ஏறி, கண்ணாடி இழை விரிப்பைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கவேண்டியது சில இடங்களில் கறுத்துக் கோடுபோட்டிருக்கும். பூஞ்சை என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது தூசி. அந்த இடத்தில் வருடக்கணக்காக வீட்டுக் காற்று ஏறியிருக்கிறது, பஞ்சு ஃபில்டராக வேலை செய்திருக்கிறது. கறுப்பு எங்கேயோ ஓட்டை அங்கே. இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது.

தேட வேண்டிய இடங்கள் என்றால், முதலில் உள்சுவர்களின் தலைக்கட்டை, அதாவது சுவர்ச் சட்டத்தின் உச்சியில் படுத்திருக்கும் மரம். சீலிங் பலகைக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே ஒரு இடுக்கு ஓடும். கண்ணுக்கே தெரியாது, ஆனால் கணக்குப் போடுங்கள்: 2 மி.மீ. இடுக்கு மொத்தம் 50 மீட்டர் ஓடினால் 1,000 சதுர செ.மீ.; அதாவது சீலிங்கில் 32 செ.மீ.க்கு 32 செ.மீ. அளவில் ஒரு சதுர ஓட்டை வெட்டிவிட்டுத் தூங்குவதற்குச் சமம். அடுத்து மின்வயர் துளைகள், கழிவுக் குழாய் மேலே போகும் இடம், புகைபோக்கியைச் சுற்றிய வெற்றிடம், சீலிங்கில் பதித்த விளக்குகள், அட்டிக் ஏறும் மூடி.

6 மி.மீ.க்குக் குறைந்த இடுக்குக்கு சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை). அதற்கு மேல், 7 செ.மீ. வரை, டின்னில் வரும் ஸ்ப்ரே ஃபோம். அதைவிடப் பெரிய வாய்க்கு ஜிப்சம் பலகையோ கெட்டி ஃபோம் பலகையோ வெட்டிவைத்து ஓரத்தில் ஃபோம் அடிக்க வேண்டும். செங்கல் புகைபோக்கிக்கு இதெல்லாம் ஆகாது. மரத்துக்கும் அதற்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி இருக்கும், அது தீப்பாதுகாப்புக்காக விட்டது. அதை உலோகத் தகடு வைத்து, தீ தாங்கும் சீலன்ட்டால் மட்டுமே மூடலாம். சீலிங்கில் பதித்த பழைய விளக்குகளில், இன்சுலேஷன் தொடலாம் என்ற சான்று இல்லாதவற்றின்மேல் பஞ்சைக் குவிப்பது தீயை அழைப்பது. அவற்றைக் காற்றுப்புகாத எல்.இ.டி. விளக்காக மாற்றிவிட்டுப் பிறகு மூடுங்கள்.

அட்டிக் மூடியைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. அதன் முதுகில் 5 செ.மீ. ஃபோம் பலகை இரண்டு அடுக்கு ஒட்டி, சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை போட்டு, இரண்டு கொக்கி வைத்து இறுக்குங்கள். வெறும் எடையில் உட்காரும் மூடி காற்றை அடைக்காது.

பிறகுதான் இன்சுலேஷன். கடும்குளிர்ப் பகுதிகளில் ஆர்-60 என்பது நல்ல இலக்கு (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு). செல்லுலோஸ் (காகித இழை) என்றால் ஏறத்தாழ 43 செ.மீ. உயரம், ஊதிப் பரப்பும் கண்ணாடி இழை என்றால் 60 செ.மீ. வரை போகும். மூட்டையில் அச்சிட்ட அட்டவணையில் அமுங்கிய பிறகு நிற்கும் உயரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பழைய வீட்டு அட்டிக்கில் மைக்காபோல் மின்னும் சிறு கூழாங்கல் வடிவத் துகள்கள் கிடந்தால் அது வெர்மிகுலைட். அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். பரிசோதிக்காமல் கிளறாதீர்கள். இரண்டாவது, வீட்டை இறுக்கிய பிறகு, வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டரின் புகை ஒழுங்காக மேலே போகிறதா என்று ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

கேள்வி: எங்கள் அட்டிக்குக்கு எத்தனை வென்ட் வேண்டும்?

அட்டிக் தரைப்பரப்பில் 300-ல் ஒரு பங்கு என்பது வழக்கமான விதி. 100 சதுர மீட்டர் வீட்டுக்கு ஏறத்தாழ 3,300 சதுர செ.மீ. திறப்பு, பாதி கீழே சாஃபிட்டில் (இறவாரத்தின் அடிப்பக்கம்), பாதி மேலே முகட்டில். இது வலை, தடுப்பு எல்லாம் கழித்துக் காற்று நிஜமாகப் போகும் பரப்பு. வென்ட் மேலேயே எழுதியிருக்கும்.

சாஃபிட்டில் திறப்பு இருந்தும் காற்று வராத வீடுகள்தான் அதிகம், ஏனென்றால் ஊதிய பஞ்சு உள்ளேயிருந்து அதை அடைத்துவிடுகிறது. ஒவ்வொரு ராஃப்டர் (கூரையின் சாய்சட்டம்) இடைவெளியிலும் ஒரு பேஃபிள் (பஞ்சைத் தள்ளிநிறுத்தும் தடுப்பு) வைத்து, பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவே 2.5 முதல் 5 செ.மீ. காற்றுவழி விடுங்கள். மின்விசிறி வைத்த வென்ட் வேண்டாம். ஓட்டை அடைக்காத வீட்டில் அது வெளிக்காற்றுக்குப் பதிலாக வீட்டின் சூட்டுக்காற்றையே சீலிங் வழியாக உறிஞ்சும்.

கேள்வி: எங்கள் கூரையில் ஐஸே கிடையாது. இரண்டு வாரக் கடும்குளிருக்குப் பிறகு ஒருநாள் வெயில் வந்தது. அன்று மட்டும் அட்டிக் முழுக்கச் சொட்டியது. மழையும் இல்லை. இது என்ன மாயம்?

அட்டிக்குக்குள் பெய்த மழை. வீட்டின் ஈரக்காற்று மேலே ஏறி, குளிர்ந்த பலகையிலும் ஆணி முனைகளிலும் உறைபனியாகப் படிந்திருக்கும். குளிர் நீடிக்கும்வரை சத்தமே இல்லை. தட்பவெப்பம் ஏறியதும் இரண்டு வாரச் சேமிப்பு ஒரே நாளில் இறங்கும். கடும்குளிர் நாளில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஊசி முனையில் பஞ்சு சுற்றியதுபோல் ஒவ்வொரு ஆணியும் வெள்ளைக் குல்லா போட்டிருக்கும். இன்சுலேஷன்மேல் சிறு வட்டக் கறைகள் வரிசையாக இருந்தால் அவை ஆணிகளுக்கு நேர் கீழே இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் இதுதான்.

இன்சுலேஷனை இரண்டு மடங்காக்கிய கேள்விக்காரர் கவனிக்கவும்: ஓட்டையை அடைக்காமல் பஞ்சை மட்டும் கூட்டினால் அட்டிக் இன்னும் குளிரும், ஏறும் ஈரம் அப்படியே இருக்கும். உறைபனி கூடத்தான் செய்யும்.

இந்தப் பருவத்தை ஓட்டுவதற்கு: வெயில் வருவதற்குள் பஞ்சின்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, மென்மையான துடைப்பத்தால் உறைபனியைத் தட்டி வாரி வெளியே கொட்டிவிட்டு, விரிப்பை எடுத்துவிடுங்கள். வீட்டு ஈரப்பதத்தை உடனே குறையுங்கள். அது எப்படி என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: காலையில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழிகிறது, அடிச்சட்டம் கறுக்கிறது. ஈரப்பதம் 45 சதவீதம் நல்லது என்று படித்து, காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரை அதில் வைத்திருக்கிறோம்.

45 என்பது குளிரில்லாத நாளுக்குச் சரி. 21 டிகிரி அறையில் 45 சதவீத ஈரப்பதம் என்றால், 9 டிகிரியைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கும். பனிக்கால இரவில் கண்ணாடியின் கீழ் விளிம்பு அதைவிட எவ்வளவோ குளிர்ந்திருக்கும்; வழிசல் எப்போதும் அடியில் தொடங்குவது அதனால்தான்.

இரட்டைக் கண்ணாடி வீட்டுக்கு இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மைனஸ் 7-க்கு மேல் இருந்தால் 40 சதவீதம். மைனஸ் 7 முதல் 12 வரை 35. மைனஸ் 12 முதல் 18 வரை 30. மைனஸ் 18 முதல் 23 வரை 25. அதற்கும் கீழே 20. ஹியூமிடிஃபையரை ஒரே எண்ணில் திருப்பிவைத்துவிட்டு மறந்துபோவதுதான் பாதி வீடுகளின் பிரச்சினை.

நாலு பேர் வசிக்கும் வீட்டில் மூச்சு, குளியல், சமையல், துவைத்தல் என்று நாளுக்கு 8 முதல் 12 லிட்டர் நீர் காற்றில் கலக்கும். துணியை உள்ளே காயப்போட்டால் ஒரு சுமைக்கு மேலும் 2 லிட்டர். இதை வெளியேற்ற எளிய வழி வெளிக்காற்றை உள்ளே விடுவதுதான். "வெளியே பனி பெய்கிறதே, அது ஈரமில்லையா?" என்று கேட்பார்கள். மைனஸ் 15 டிகிரிக் காற்று ஈரத்தை முழுதாகச் சுமந்திருந்தாலும், அதை 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 10 சதவீதத்தை எட்டாது. எச்.ஆர்.வி. (வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும் கருவி) இருந்தால் அதை ஓடவிடுங்கள், ஃபில்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். இல்லாவிட்டால் சமையலறை, குளியலறை விசிறிகளே துணை. இரவில் திரையைக் கண்ணாடியோடு ஒட்ட இழுத்து மூடாமல், கீழே ஒரு சாண் விட்டுவையுங்கள். அறைச்சூடு கண்ணாடியைத் தொட வேண்டும்.

ஈரப்பதமானியை நம்பலாமா என்பதையும் பாருங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்குச் சில சொட்டு நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத பையில் அரை நாள் வையுங்கள். அறை வெப்பத்தில் அது 75 காட்ட வேண்டும். 81 காட்டினால், இனிப் பார்க்கும் ஒவ்வொரு எண்ணிலும் 6 கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மங்கலாக இருந்தால் கதையே வேறு: ஓரச் சீல் போய்விட்டது. சட்டத்தை மாற்ற வேண்டாம், கண்ணாடி யூனிட்டை மட்டும் மாற்றலாம்.

கேள்வி: குளியலறை விசிறியின் குழாய் அட்டிக்கில் சாஃபிட் பக்கம் கொண்டுபோய் விடப்பட்டிருக்கிறது. போதுமா?

போதாது. சாஃபிட்டில் விட்ட ஈரக்காற்றைப் பக்கத்து சாஃபிட் வென்ட்டே மறுபடி அட்டிக்குக்குள் இழுத்துக்கொள்ளும். கூரை வழியாகவோ சுவர் வழியாகவோ, மடிப்புக் கதவு வைத்த தனிமூடியோடு வெளியேற்ற வேண்டும். வளைந்து நெளியும் பிளாஸ்டிக் குழாயைத் தூக்கிப்போட்டுவிட்டு, வழுவழுப்பான உலோகக் குழாயைக் குறுகிய வழியில் போட்டு, முழு நீளத்துக்கும் இன்சுலேஷன் சுற்றுங்கள். சுற்றாத குழாய்க்குள்ளேயே ஆவி நீராகி, விசிறி வழியாகச் சொட்டும்; அதைக் கூரை ஒழுகுகிறது என்று நினைத்தவர்கள் உண்டு. சுவர் வழியாகப் போகும் குழாயை மீட்டருக்கு 2 செ.மீ. வெளிப்பக்கம் சரியும்படி வையுங்கள்.

விசிறி நிமிடத்துக்கு 50 கன அடியாவது இழுக்க வேண்டும். ஒரு தாள் டிஷ்யூவை வாய்ப்பகுதியில் வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் சத்தம்தான் வருகிறது, காற்றுப் போகவில்லை. குளித்து முடித்த பிறகும் 20, 30 நிமிடம் ஓட வேண்டும். டைமர் சுவிட்ச் போட்டுவிட்டால் வீட்டில் யாரோடும் சண்டை வராது.

கேள்வி: வெளிச்சுவர் மூலையில் இருக்கும் துணி அலமாரிக்குள் ஓதம் அடித்துப் பூஞ்சை பிடிக்கிறது.

அந்த மூலைதான் வீட்டிலேயே குளிர்ந்த இடம், சூட்டுக்காற்றும் போவதில்லை. பெட்டிகளையும் துணிகளையும் சுவரிலிருந்து 5 முதல் 10 செ.மீ. தள்ளிவையுங்கள், கதவைத் திறந்துவிடுங்கள் அல்லது பலகைக் கதவுக்குப் பதில் காற்றுப் போகும் இடைவெளிகள் உள்ள கதவு போடுங்கள். ஒரு சதுர மீட்டருக்குள் என்றால் சோப்புநீரால் துடைத்து நன்றாக உலர்த்தினால் போதும். அதைவிடப் பரவியிருந்தால், அல்லது ஜிப்சம் பலகை பொதபொதவென்று ஆகியிருந்தால், வெட்டி எடுக்க வேண்டியதுதான். மேலே பெயின்ட் அடிப்பது பூஞ்சைக்குப் போர்வை போத்துவது.

கேள்வி: கூரை விளிம்பில் ஹீட்டிங் கேபிள் போடலாமா? இல்லை, அடுத்த வருடம் ஷிங்கிள் மாற்றும்போது வேறு ஏதாவது செய்யலாமா?

கேபிள் நீர் போக வழி செய்யும், சூடு கசிவதை நிறுத்தாது. அடைக்கவே முடியாத சிக்கலான கூரை மடிப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பீலியிலும் இறங்கு குழாயிலும் சேர்த்துப் போடாவிட்டால், உருகிய நீர் அங்கே போய் உறையும்.

ஷிங்கிள் மாற்றுவதாக இருந்தால், அடியில் ஒட்டும் நீர்காப்புப் படலத்தின் அளவைக் கேளுங்கள். அது இறவார விளிம்பில் தொடங்கி, வெளிச்சுவரின் உள்முகத்தைத் தாண்டி 60 செ.மீ. உள்ளே வர வேண்டும். இறவாரம் 45 செ.மீ., சுவர் 15 செ.மீ. என்று வையுங்கள், 60-ஐச் சேர்த்தால் கிடைமட்டத்தில் 120. இரண்டுக்கு ஒன்று என்ற சரிவுள்ள கூரையில் அது 134 செ.மீ. ஆகும். படலச் சுருளின் அகலமோ 91 செ.மீ. ஒரு வரிசை ஒட்டிவிட்டு "படலம் போட்டாயிற்று" என்றால் நீர் தேங்கும் இடத்துக்கு அது எட்டவே இல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இரண்டு வரிசை வேண்டும். பழைய ஷிங்கிள் மேல் இதை ஒட்ட முடியாது, பலகைவரை உரித்தாக வேண்டும். கொட்டேஷனில் "இரண்டு வரிசை" என்று எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.